முட்டைக் கணக்குக்கு எந்த பேக்எண்ட்?

நாமக்கல் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணைக்கு ஆப் எழுதித் தரச் சொன்னால், நான் முதலில் கேட்டு வாங்குவது அந்தப் பண்ணையின் டெய்லி ரிப்போர்ட் நோட்டை. ஒரு மாதத்து நோட்டு போதும். ஷெட் நம்பர், பேட்ச், கோழியின் வயது வாரக் கணக்கில், இருப்பு, இறப்பு, தீவனம் எத்தனை கிலோ, முட்டை எத்தனை அட்டை, அட்டை போக உதிரி எத்தனை, உடைசல் எத்தனை, கடைசியில் உற்பத்தி சதவீதம். பண்ணைக்குப் பண்ணை வரிசை மாறும், பத்திகள் பெரும்பாலும் இவைதான். ஆப்புக்குப் பின்னால் தரவை வைக்க ஃபயர்பேஸா, சூபாபேஸா, வேறொரு தளமா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அந்த நோட்டில் கிடைத்துவிடும். மீதிப் பாதி, அதை யார், எங்கே நின்றுகொண்டு எழுதுகிறார்கள் என்பதில் இருக்கிறது.

சேலம், நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்தில் ஆப் எழுதும் எங்களைப் போன்ற சின்னக் கடைகளில் இரண்டு மூன்று பேர் இருப்போம். சர்வரைப் பராமரிக்கத் தனி ஆள் கிடையாது. லாகின், தரவுத்தளம், போட்டோ சேமிக்கும் இடம், போனுக்கு அறிவிப்பு அனுப்புவது எல்லாவற்றையும் தயாராக வைத்து வாடகைக்குத் தரும் தளங்கள் வந்திராவிட்டால், லாரி ஆபீசுக்கும் ஜவ்வரிசி ஆலைக்கும் ஆப் எழுதும் தொழிலே இங்கே நடந்திருக்காது. ஆகவே எந்தத் தளத்தையும் ஏளனமாகப் பேச எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் எதை எதற்கு எடுப்பது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

முதலில் நோட்டின் உள்ளே போவோம். முட்டைக்கோழி பிறந்த இடத்திலேயே முட்டையிடுவதில்லை. குஞ்சு ஷெட்டில் வளர்ந்து, ஏறக்குறைய 16 வாரத்தில் கூண்டு ஷெட்டுக்கு மாறும். 20 வாரத்தை ஒட்டி முட்டை பிடிக்கும். 72, 80 வாரம் வரை, சில பண்ணைகளில் அதற்கு மேலும் ஓடும். நோட்டு ஷெட் வாரியாக எழுதப்படுகிறது. முதலாளி கேட்பதோ பேட்ச் வாரியாக: "போன ஆடியில ஏத்துன பேட்ச் ஒரு முட்டைக்கு எத்தன கிராம் தீவனம் தின்னுச்சுங்க?" ஒரு பேட்சை இரண்டு ஷெட்டில் பிரித்து விட்டிருப்பார்கள். இன்னொரு ஷெட்டில் இரண்டு பேட்ச் இருக்கும். தீவனம் ஷெட்டுக்கு வருகிறது, முட்டை ஷெட்டிலிருந்து போகிறது, லாபமோ பேட்சில் பார்க்கப்படுகிறது. இந்த முடிச்சை அவிழ்க்கத் தெரிந்த தரவுத்தளம்தான் இங்கே வேண்டும்.

உற்பத்தி சதவீதமும் பார்க்கும்போது எளிது. இன்றைய முட்டையை இன்று உயிரோடு இருக்கும் கோழியால் வகுத்தால் ஒரு சதவீதம். கூண்டில் ஏற்றிய நாளின் எண்ணிக்கையால் வகுத்தால் இன்னொரு சதவீதம். 10,000 கோழி ஏற்றிய பேட்சில் இன்று 9,800 இருந்து 9,016 முட்டை வந்தால் முதல் கணக்கில் 92 சதவீதம், இரண்டாவது கணக்கில் 90.16. சூப்பர்வைசர் முதலாவதைச் சொல்வார், கடன் கொடுத்தவர் இரண்டாவதைக் கேட்பார். இன்று உயிரோடு இருப்பவை எத்தனை என்பது எங்கும் எழுதி வைக்கப்பட்ட எண் அல்ல. ஏற்றியதிலிருந்து தினமும் இறந்தவற்றைக் கழித்துக்கொண்டே வரும் ஓடும் கணக்கு அது. போன வாரத்து இறப்பில் ஒரு எண்ணைத் திருத்தினால் அதற்குப் பின் வந்த எல்லா நாளின் சதவீதமும் நகரும்.

இங்கேதான் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் தன் வேலையைக் காட்டும். ஓடும் கூட்டல், பேட்சையும் ஷெட்டையும் தேதியை வைத்து இணைப்பது, வாரவாரியாகத் தொகுப்பது எல்லாம் அதன் கேள்வி மொழியான எஸ்க்யூஎல்லில் ஒரே கேள்வியாக எழுதிவிடலாம். 2020இல் தொடங்கப்பட்ட சூபாபேஸ் அடிப்படையில் ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம்தான், அதைச் சுற்றி லாகினும் கோப்புக் கிடங்கும் கட்டியிருக்கிறார்கள். எனக்கு அதன்மேல் இருக்கும் பிரியம் அந்தச் சுற்றுக் கட்டுக்காக இல்லை, நடுவில் இருக்கும் பழைய போஸ்ட்கிரெஸுக்காக.

கூகுளின் ஃபயர்பேஸில் இருக்கும் தரவுத்தளமான ஃபயர்ஸ்டோர் வேறு இயல்பு. அங்கே ஒவ்வொரு பதிவும் தனித்தனி ஆவணம். நீங்கள் படிக்கும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் கணக்கு உண்டு. இலவசத் திட்டத்தில் ஒரு நாளைக்கு 50,000 வாசிப்பு, 20,000 எழுத்து. கேட்க ஏராளமாகத் தோன்றும். 20 ஷெட் உள்ள பண்ணையில் நாளுக்கு ஷெட்டுக்கு ஒரு ஆவணம் என்றால் வருடத்துக்கு 7,300. முதலாளி வருட ரிப்போர்ட்டைத் திறந்தால் 7,300 வாசிப்பு. மகன் ஒரு தடவை, மருமகன் ஒரு தடவை, ஆடிட்டர் ஆபீசில் ஒரு தடவை என்று ஏழு முறை திறந்தால் 51,100. இலவசத் திட்டத்தில் அத்தோடு அன்றைய வாசிப்பு நின்றுவிடும். அந்த ஒதுக்கீடு மறுபடி நிரம்புவது அமெரிக்க மேற்குக் கரையின் நள்ளிரவில். நமக்கு அது பகல் பன்னிரண்டரை, அவர்களுடைய குளிர்காலத்தில் ஒன்றரை. காலை முட்டை எடுப்பு முடிந்து கணக்குப் பார்க்கும் நேரத்தில் வறண்டு கிடந்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நிரம்பும் தொட்டியை எந்தப் பண்ணைக்காரருக்கும் விளக்கிச் சொல்வது கஷ்டம்.

ஃபயர்ஸ்டோருக்கு நியாயம் செய்ய வேண்டும். எண்ணிக்கை கேட்கும் வசதி 2022இலும் கூட்டல், சராசரி கேட்கும் வசதி 2023இலும் வந்துவிட்டன. ஆயிரம் பதிவுகளைக் கூட்ட ஒரு வாசிப்புக் கணக்குதான். ஆனால் அந்தக் கூட்டல் சர்வரில் மட்டும் நடக்கும், போனில் சேமித்து வைத்த பிரதியில் நடக்காது. ஓடும் கூட்டலுக்கும் அது உதவாது. ஆகவே எழுதும்போதே மாதத் தொகையையும் பேட்ச் தொகையையும் தனி ஆவணமாகச் சேர்த்து எழுதிக்கொண்டே போக வேண்டும். எந்தக் கேள்வி வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் இது அழகான முறை. பண்ணை முதலாளிகள் கேட்கும் கேள்வியோ மக்காச்சோள விலை ஏறிய வாரம் ஒன்று, முட்டை விலை இறங்கிய வாரம் இன்னொன்று.

இப்படிச் சொன்னால் சூபாபேஸ்தான் முடிவு என்று தோன்றும். ஆனால் அந்த நோட்டு எழுதப்படும் இடத்தையும் பார்க்க வேண்டும். நீளமான ஷெட், மேலே தகரம் அல்லது சிமெண்ட் ஷீட், ஊரை விட்டுத் தள்ளிய காடு. ஷெட்டின் ஒரு கோடியில் இரண்டு புள்ளி சிக்னல் இருக்கும், நடுவில் ஒன்றும் இருக்காது. சூப்பர்வைசர் எண்ணை அடித்துவிட்டு போனைச் சட்டைப் பையில் போட்டுவிடுவார். அது போய்ச் சேர்ந்ததா என்று வட்டம் சுற்றுவதை நின்று பார்க்க அவருக்கு நேரமில்லை, பார்க்கச் சொல்வதும் அநியாயம்.

இந்த இடத்தில் ஃபயர்ஸ்டோர் நிஜமாகவே ஒரு கொடை. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இணையம் இல்லாதபோது போனிலேயே எழுதி வைத்து, சிக்னல் வந்ததும் தானாக அனுப்பும் வசதி எதுவும் செய்யாமலே இயங்கும். வெப் ஆப்பில் மட்டும் நாம் அதை இயக்க வேண்டும். சூபாபேஸில் அப்படித் தயாராக ஒன்று கிடையாது. வேறு கருவியைச் சேர்க்கலாம், அல்லது போனில் எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தை வைத்து வரிசையாக அனுப்பும் வேலையை நாமே எழுதலாம். ஆனால் ஃபயர்ஸ்டோரிலும் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். டிரான்சாக்‌ஷன் இணையம் இல்லாமல் ஓடாது. இரண்டு பேர் ஒரே ஆவணத்தின் அதே எண்ணைத் திருத்தினால் கடைசியாகப் போய்ச் சேர்ந்தது நிற்கும், முந்தையது சத்தமில்லாமல் போகும். நேரலையாகக் கவனித்துக்கொண்டிருக்கும் திரை அரை மணி நேரத்துக்கு மேல் துண்டிக்கப்பட்டு மீண்டும் இணைந்தால், அத்தனை ஆவணத்தையும் புதிதாகப் படித்ததாகவே கணக்காகும். ஷெட்டுக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருக்கும் போன்களுக்கு இந்த மூன்றாவதுதான் பில்லை ஏற்றும்.

ஒருவர் திருத்தம் இன்னொருவருடையதை அழிக்கும் சிக்கலுக்கு வழியைக் கணக்குப்பிள்ளைகள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்கள் நோட்டில் எந்த எண்ணையும் அழிப்பதில்லை. ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்து வைப்பார்கள். ஒரு பெரியவர் கேட்டார்: "தம்பி, போன வாரம் தப்பா எழுதுன உடைசல இப்பத் திருத்துனா, பழசு தெரியாமப் போயிருமுங்களா?"

"போவாதுங்க. ரெண்டும் இருக்கும். யாரு, எப்பத் திருத்துனாங்கங்கிறதும் இருக்கும்."

"அப்பச் சரி."

அவர் கேட்டது தரவுத்தள வடிவமைப்பின் மையமான கேள்வி. எதையும் மேலெழுதாமல், ஒவ்வொரு பதிவையும் ஒவ்வொரு திருத்தத்தையும் புதிய வரியாகச் சேர்த்துக்கொண்டே போனால், இணையம் இல்லாத போனின் தலைவலி பாதியாகக் குறைந்துவிடும். ஒவ்வொரு வரிக்கும் அடையாள எண்ணைப் போனே உருவாக்கிக்கொள்ள வேண்டும். சிக்னல் தடுமாறி ஒரே வரி மூன்று தடவை போனாலும் சர்வர் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். மோதிக்கொள்ள எதுவும் இல்லாதபோது, அனுப்பும் வரிசையை நாமே எழுதுவது பெரிய வேலையே இல்லை. அதனால் பண்ணைக் கணக்குக்கு நான் போனில் எஸ்க்யூலைட், அந்தப் பக்கம் போஸ்ட்கிரெஸ் என்று முடிவு செய்வேன். முட்டையை எப்போதும் தனி எண்ணாகவே சேமிப்பேன். 300 அட்டை 16 உதிரி என்பது திரையில் காட்டும் வடிவம், உள்ளே அது 9,016. விலையைக் காசாக, முழு எண்ணாக வைப்பேன். 5 ரூபாய் 25 காசை 5.25 என்று வைத்து லட்சம் முட்டைக்குப் பெருக்கி, கடைசியில் வரும் காசுக் குழப்பத்தைத் தேடிக்கொண்டு உட்காருவது வீண்.

விலை என்றதும் நாமக்கல்லின் பெரிய ரகசியம் ஒன்று வந்துவிடுகிறது. முட்டை ஒருங்கிணைப்புக் குழுவான என்இசிசி அறிவிக்கும் விலை ஊருக்கே தெரியும். வியாபாரி அதிலிருந்து எத்தனை காசு 'மைனஸ்' பிடித்து எடுக்கிறார் என்பது அவருக்கும் பண்ணைக்காரருக்கும் இடையில் உள்ளது. ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். பல வியாபாரிகள் ஒரே ஆப்பில் லோடு பார்க்கிறார்கள் என்றால், ஒருவரின் மைனஸ் இன்னொருவர் கண்ணில் பட்டால் தொலைந்தது. தளங்களின் பாதுகாப்பு விதிகளை நான் இந்த ஒரு காசை வைத்துத்தான் சோதிப்பேன். ஃபயர்ஸ்டோரில் ஒரு ஆவணத்தைப் படிக்க விட்டால் அதில் இருக்கும் எல்லாமே படிக்கக் கிடைக்கும். ஒரு பத்தியை மட்டும் மறைக்க முடியாது. ஆகவே மைனஸைத் தனி ஆவணத்தில் வைக்க வேண்டும். சோதனைக்காக எல்லாக் கதவையும் திறந்து வைக்கும் 'டெஸ்ட் மோட்' 30 நாளில் காலாவதியாகும். அதற்குள் முறையான விதி எழுதாமல் தேதியை மட்டும் தள்ளிப் போடுபவர்களை எனக்குத் தெரியும். சூபாபேஸில் ஒவ்வொரு வரிக்கும் யார் பார்க்கலாம் என்று தரவுத்தளத்துக்குள்ளேயே விதி எழுதலாம், ரோ லெவல் செக்யூரிட்டி என்று பெயர். திரையில் கிளிக் செய்து உருவாக்கும் அட்டவணைக்கு அது தானாக இயங்கும். எஸ்க்யூஎல் எழுதி உருவாக்கினால் நாமே இயக்க வேண்டும். மறந்தால், ஆப்பைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த எவரும் அதில் இருக்கும் பொதுச் சாவியை வைத்து முழு அட்டவணையையும் படித்துவிடலாம். செயற்கை அறிவிடம் சொல்லி ஆப் எழுத வைக்கும் இந்தக் காலத்தில் அதிகம் விட்டுப்போவது இதுதான்.

லாகின் விஷயத்தில் எல்லோரும் ஓடிபி கேட்பார்கள். ஃபயர்பேஸில் 2024 செப்டம்பர் முதல் பில்லிங் கணக்கு இணைக்காமல் எஸ்எம்எஸ் ஓடிபி போகாது. சூபாபேஸில் எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனத்தை நாமே கொண்டுவர வேண்டும். இந்திய நிறுவனம் வழியாக அனுப்பினால் தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி டிஎல்டி பதிவேட்டில் பெயரும் வாசகமும் பதிவு செய்திருக்க வேண்டும். பண்ணையில் இதில் பாதி தேவையே இல்லை. ஷெட்டுக்கு ஒரு போன், மூன்று பேர் மாற்றி மாற்றி எடுப்பார்கள். போனுக்கு ஒரு லாகின், ஆளுக்கு ஒரு நான்கு இலக்க எண் என்று வைத்தால் வேலை முடிந்தது.

எல்லா நோட்டும் முட்டை நோட்டு அல்ல. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகளின் நோட்டைப் பார்த்தால் என் பதில் தலைகீழாகும். ஒரு போர், ஒரு பக்கம்: ஊர், எத்தனை அடி, கேசிங் பைப் எத்தனை அடி, இத்தனை அடிக்கு மேல் நூறு நூறு அடிக்கு ஏறும் ரேட், அட்வான்ஸ், பாக்கி. ஒரு போருக்கும் அடுத்த போருக்கும் கணக்கில் உறவு குறைவு. வண்டியோ நாட்கணக்கில் சிக்னல் இல்லாத இடத்தில் நிற்கும். ஒரு போருக்கு ஒரு ஆவணம் என்று ஃபயர்ஸ்டோரில் வைத்தால் சட்டை அளவெடுத்துத் தைத்தது போல உட்காரும். லாரி டிரிப் ஷீட்டும் ஏறக்குறைய அப்படித்தான்.

சேலத்து ஜவ்வரிசி ஆலை வேறு பாடம் சொல்லும். கணக்கு போஸ்ட்கிரெஸுக்கு ஏற்றது: கிழங்கு வரத்து, மாவுச்சத்துப் புள்ளி, மூட்டை, சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்துக்கு அனுப்பிய லாட், டெண்டரில் கிடைத்த விலை. ஆனால் மரவள்ளி அறுவடையைப் பொறுத்து ஓடும் ஆலை சில மாதம் நின்றிருக்கும். சூபாபேஸின் இலவசத் திட்டத்தில் ஒரு வாரம் யாரும் தொடாத திட்டத்தை நிறுத்தி வைத்துவிடுவார்கள். தினமும் முட்டை வரும் பண்ணைக்கு அந்த விதி இருப்பதே தெரியாது, ஆலைக்குச் சீசன் முடிந்த மறுவாரமே தெரியும். மாதம் 25 டாலர் திட்டத்துக்குப் போனால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அந்தப் பணத்தை 2021 அக்டோபரில் அமலான ரிசர்வ் வங்கி விதிக்குப் பிறகு கார்டில் தானாகப் பிடிக்க வைப்பது லேசில்லை. பில் கட்டுவது யார் பெயரில், எந்தக் கார்டில் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

டாலர் என்றதுமே முதலாளிகள் கேட்பது, "நம்ம ஜோஹோவுல இது இல்லைங்களா?" இருக்கிறது. கேட்டலிஸ்ட் என்ற பெயரில் லாகின், தரவுக் கிடங்கு, ஃபங்ஷன் எல்லாம் தருகிறார்கள். இந்தியாவிலேயே தரவு மையம், ரூபாயில் பில், எஸ்க்யூஎல் போலவே இசட்சிக்யூஎல் என்று ஒரு கேள்வி மொழி. ஏற்கெனவே ஜோஹோ புக்ஸில் கணக்கு வைத்திருக்கும் ஆபீஸ் என்றால் நான் அதைத் தயங்காமல் எடுத்துப் பார்ப்பேன். மற்றவர்களுக்கு, அந்த மொழி வேறெங்கும் ஓடாது என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

அப்படி எச்சரிக்கக் காரணம் பார்ஸ். 2013இல் ஃபேஸ்புக் வாங்கிய தளம், அன்று இந்தத் துறையில் முன்வரிசை. 2016 ஜனவரி 28இல் மூடப்போவதாக அறிவித்து, 2017 ஜனவரி 30இல் மூடினார்கள். ஒரு வருட அவகாசம் கொடுத்து, மென்பொருளையும் பொதுவில் திறந்துவிட்டார்கள் என்பதால் மரியாதையான மூடல் என்றே சொல்ல வேண்டும். ஃபயர்பேஸுக்குள்ளேயே டைனமிக் லிங்க்ஸ் என்ற இணைப்புச் சேவை 2025 ஆகஸ்ட் 25இல் நின்றது. முட்டைக்கோழி பேட்ச் ஒன்றரை வருடம் ஓடும், பண்ணை இரண்டு தலைமுறை ஓடும். ஆகவே எந்தத் தளத்திலும் கணக்கு தொடங்கும் அன்றே, கணக்கை மூடி எல்லாவற்றையும் வெளியே எடுப்பது எப்படி என்று ஒரு தடவை செய்து பார்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்றால் ஒரே கட்டளையில் முழுத் தரவும் கோப்பாக வரும், எந்தப் போஸ்ட்கிரெஸிலும் திரும்ப ஏற்றலாம். ஃபயர்ஸ்டோரிலிருந்து மொத்தமாக எடுக்கப் பில்லிங் கணக்கு வேண்டும். வருவது கூகுளின் சொந்த வடிவம், கணக்குப்பிள்ளையின் எக்ஸெல்லில் திறக்காது. வாராவாரம் எளிய அட்டவணைக் கோப்பாக எழுதி வைக்கும் சின்ன நிரல் ஒன்றை நாமே எழுதிவிட்டால் தூக்கம் வரும்.

பில்லே வேண்டாம் என்பவர்கள் பாக்கெட்பேஸைக் காட்டுவார்கள். ஒரே ஒரு கோப்பு, உள்ளே எஸ்க்யூலைட், சின்ன வாடகை சர்வரில் ஓடும். எனக்கும் பிடித்த பொருள். ஆனால் 1.0 பதிப்பை எட்டும் முன் பழையதோடு ஒத்துப்போகும் உத்தரவாதம் இல்லை என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. அதைத் தீவன மில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைக்கச் சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. கரண்ட் போனால் யூபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும், பேக்கப்பை யார் எடுப்பார்கள் என்ற இரண்டு கேள்விக்கும் அங்கே பதில் இருக்காது.

இடம் பற்றி ஒரு வார்த்தை. சூபாபேஸுக்கும் ஃபயர்ஸ்டோருக்கும் மும்பையில் மையம் உண்டு. ஃபயர்பேஸின் பழைய ரியல்டைம் டேட்டாபேஸுக்கு நமக்கு அருகில் சிங்கப்பூர்தான். ஃபயர்ஸ்டோரில் தேர்ந்தெடுத்த இடத்தைப் பிறகு மாற்ற முடியாது. அந்தப் பட்டியலில் அவசரத்தில் எதையோ தட்டிவிட்டுப் போகக் கூடாது.

திருச்செங்கோட்டிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு ரிக் அனுப்புகிறவர்கள் இப்போது இதே ஆப் அங்கேயும் ஓடுமா என்று கேட்கிறார்கள். மும்பை மையமே போதும். போனில் எழுதி ராத்திரி அனுப்புகிற கணக்குக்குக் கண்டம் தாண்டும் தாமதம் தெரியாது. மாற்ற வேண்டியது ரேட் பத்தி: அடிக்குப் பக்கத்தில் மீட்டர், ரூபாய்க்குப் பக்கத்தில் அந்த நாட்டு நாணயம், அன்றைய மாற்று விலை. நாணயத்தைத் தனிப் பத்தியாக இப்போதே வைத்துவிட்டால், முதல் வண்டி கப்பல் ஏறும்போது பழைய பதிவுகள் எதையும் தொட வேண்டியிருக்காது.